கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும்: பார்ட்டி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பார்ட்டிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் முதலில் அளக்க வேண்டியது இடத்தை. ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்தில் நின்று, ஆடுபவர்களில் கடைசி ஆள் நிற்கும் இடம் வரை காலடி வைத்து எண்ணிப் பாருங்கள். நான்கு மீட்டரா, எட்டா, பதினைந்தா? மேலே கூரை உண்டா, திறந்தவெளியா? எத்தனை பேர் வருவார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு அர்த்தம் கிடைக்கும். தெரியாமல் கடைக்குப் போனால் எல்லா ஸ்பீக்கரும் சத்தமாகவே கேட்கும். கடையில் நாம் அதற்கு ஒரு மீட்டர் பக்கத்தில் அல்லவா நிற்கிறோம்!

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர் இரண்டு மீட்டரில் 94, நான்கில் 88, எட்டில் 82, பதினாறு மீட்டரில் வெறும் 76. அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கைகொடுப்பதால் இவ்வளவு வேகமாகக் குறையாது. வீட்டுக்குள் அதிரும் ஸ்பீக்கரை வெளியே கொண்டுபோய் வைத்ததும் சோகையாகிவிடுவது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தில் கூட்டத்தின் சத்தம் இருக்கிறது. முப்பது பேர் கூடி உரக்கப் பேசினால் அந்தப் பேச்சே 75 முதல் 80 டெசிபல் வரை போகும். பாட்டு ஆளை ஆட வைக்க வேண்டுமென்றால் அதைவிட 10 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். அதாவது கடைசி ஆளின் காதில் 88, 90 அளவுக்கு விழ வேண்டும்.

இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசி ஆள் நான்கு மீட்டரில் என்றால், ஒரு மீட்டரில் சராசரி 100 டெசிபல் தேவை. இசையில் தாளத்தின் அடி சராசரியைவிட 10 டெசிபலாவது உயர்ந்து வரும். அதற்கும் இடம் விட்டால், அதிகபட்ச ஒலி அளவு 110 டெசிபல் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் சரியாக இருக்கும். திறந்தவெளியில் எட்டு மீட்டர் என்றால் இதே கணக்கு 116க்குப் போகிறது. கையில் தூக்கிப் போகும் சின்ன ஸ்பீக்கர் எதுவும் அங்கே எட்டாது. தவறான அளவை வாங்கிவிட்டு, பாவம், ஸ்பீக்கர் மீது குறை சொல்லிப் பயனில்லை.

வாட் எண்ணை எப்படிப் படிப்பது

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் பெரும்பாலும் ‘பீக்’ வாட். கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் உச்சம் அது. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அது எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண். தேட வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட். அதுவும் பாதிக் கதைதான்.

வாட் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ‘இரு மடங்கு சத்தம்’ என்று தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 80 வாட்டை விட்டு 100 வாட் வாங்கினால் சத்தத்தில் ஒரு டெசிபல்தான் வித்தியாசம்.

வாட்டை ஒலியாக மாற்றுவதில் எல்லா ஸ்பீக்கரும் ஒன்றல்ல. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதற்கு ‘சென்சிட்டிவிட்டி’ என்று பெயர். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்தால் 110 டெசிபல் வரும். 93 உள்ளதற்கு 50 வாட்டே போதும், அதே 110. விளம்பரத்தில் முன்னது நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். காதுக்கு இரண்டும் சமம், பேட்டரிக்குப் பின்னது நல்லது. அதனால் அதிகபட்ச ஒலி அளவு டெசிபலில் கொடுத்திருந்தால் வாட்டை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கொடுக்கவில்லையென்றால், ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பின் அளவையும் ஸ்பீக்கரின் பருமனையும் பாருங்கள்.

பேஸ்: காற்றை யார் தள்ளுகிறார்கள்

பார்ட்டியில் ஆளை அசைப்பது பேஸ் எனும் ஆழ்ந்த ஒலி. டிரம்மின் அடி 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது (ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்; அது குறையக் குறைய ஒலி ஆழமாகும்). 100 ஹெர்ட்ஸில் தரும் அதே சத்தத்தை 50 ஹெர்ட்ஸிலும் தர, கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. 12 அங்குலக் கூம்பின் பரப்பு 6 அங்குலக் கூம்பைப் போல நான்கு மடங்கு. கைக்கடக்கமான உருளை ஸ்பீக்கர்களின் இரு முனைகளிலும் அதிர்கிற, மின்சாரம் இல்லாத தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று அவற்றைத் தள்ளி பேஸைக் கூட்டும். குறைந்த வால்யூமில் அவை அருமையாக வேலை செய்யும். முழு வால்யூமில்தான் சாயம் வெளுக்கும்.

சின்ன ஸ்பீக்கரில் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும்போது உள்ளே இருக்கும் சிப், கூம்பு கிழியாமல் காப்பாற்ற பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். பாதி வால்யூமில் ‘தொம்’ என்று வயிற்றில் இறங்கிய அடி, முழு வால்யூமில் ‘டப்’ என்று காதோடு நின்றுவிடும். பாடகர் குரலும் அடிக்கொரு முறை பம்மி எழும். பார்ட்டிக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்த முழு வால்யூமைத்தான்.

‘40 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருந்தால் பக்கத்தில் −3, −6, −10 டெசிபல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். −10 என்றால் அந்த ஆழத்தில் ஒலி பாதியாகத்தான் கேட்கும். எதுவுமே போடாத எண்ணை நம்ப வேண்டாம்.

அளவை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு அறை, பத்துப் பதினைந்து பேர்: 30 முதல் 60 ஆர்.எம்.எஸ். வாட் உள்ள, கையில் தூக்கும் ஸ்பீக்கர் போதும். கூடம் அல்லது முற்றம், இருபது முதல் நாற்பது பேர்: 8 அங்குலக் கூம்பு ஒன்றோ இரண்டோ, 100 முதல் 200 வாட். ஐம்பதுக்கு மேல், திறந்தவெளி: 12 அங்குலம், கூடுமானால் இரண்டு பெட்டி. 12 அங்குல வகை 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் இல்லாவிட்டால் இரண்டாவது பார்ட்டிக்கு அதை யாரும் தூக்க முன்வர மாட்டார்கள்.

கடையில் சோதிப்பது

மூன்று பாட்டைக் கைப்பேசியிலேயே இறக்கிக்கொண்டு போங்கள்: ஆழமான பேஸ் உள்ள ஒன்று, குரல் மட்டும் தனித்து ஒலிக்கும் ஒன்று, எல்லா வாத்தியமும் நிறைந்த ஒன்று. கைப்பேசி வால்யூமை முழுதாக வைத்துவிட்டு ஸ்பீக்கரில் மட்டும் ஏற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பொத்தானை அணைத்துவிடுங்கள். அது எல்லாப் பெட்டியையும் பத்து நிமிடத்துக்கு நல்லதாகக் காட்டும்.

1. 50 சதவீதத்தில் முப்பது விநாடி கேளுங்கள். பிறகு 70, பிறகு 100. 70க்கு மேல் சத்தம் கூடாமல் ஒலி மெலிந்து கூர்மையாக மட்டும் ஆனால், அந்த ஸ்பீக்கரின் உண்மையான உச்சம் 70தான்.
2. முழு வால்யூமில் பெட்டியின் மேல் கையை வையுங்கள். அதிர்வு இயல்பு. ‘கரகர’, ‘டர்ர்’ என்று வலையோ கைப்பிடியோ ஒலித்தால் அது ஆறு மாதத்தில் பெருகும்.
3. ஐந்து மீட்டர் தள்ளிப் போய்க் கேளுங்கள். பிறகு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். முன்னால் தெளிவாக இருந்து பக்கத்தில் போனதும் குரல் மங்கினால், கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் கேட்கும்.
4. மின்வயரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட விட்டு மறுபடி முழு வால்யூம். சில பெரிய ஸ்பீக்கர்கள் பேட்டரியில் ஓடும்போது உச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை விற்பவர் சொல்ல மாட்டார்.

கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால் இரண்டு ஸ்பீக்கரை ஒரே தூரத்தில், ஒரே பாட்டில் வைத்து ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பலத்த சத்தத்தில் கைப்பேசி மைக் தடுமாறும். அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேட்டரி

‘20 மணி நேரம்’ என்பது பாதிக்கும் குறைந்த வால்யூமில், விளக்குகளை அணைத்து அளந்த கணக்கு. பார்ட்டி வால்யூமில் அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துத் திட்டமிடுங்கள். மில்லிஆம்பியர்-மணி எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 10,000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்றால் 37 வாட்-மணி. அதே எண் 7.4 வோல்ட்டில் 74. எப்போதும் வாட்-மணியைப் பாருங்கள். விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 100 வாட்-மணிக்கு மேலே போனால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், 160க்கு மேலே பயணியோடு ஏற்ற மாட்டார்கள்.

மலிவான தள்ளுவண்டி ஸ்பீக்கர்கள் சிலவற்றில் இன்னும் ஈய-அமில பேட்டரிதான் இருக்கிறது. எடை கூடுதல். சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் திரும்ப எழாது. லித்தியம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். பேட்டரியைத் தனியே கழற்றி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது; ஸ்பீக்கரில் முதலில் மூப்படைவது அதுதான்.

மைக், ப்ளூடூத், தண்ணீர்

பாட்டுப் பாடும் எண்ணம் இருந்தால் 6.35 மில்லிமீட்டர் மைக் துளை இருக்கிறதா பாருங்கள். வயர் மைக்கோ, தனி ரிசீவரோடு வரும், வயர் இல்லாத யு.எச்.எஃப். ரேடியோ மைக்கோ போதும். ப்ளூடூத் வழியாக இணையும் மைக் வேண்டாம். பாடியது தாமதமாகத் திரும்பிக் கேட்கும்போது பாடுபவருக்குத் தாளம் தப்பும். மைக் ‘கீ…’ என்று கத்துவது, ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுவதால். பாடுபவர் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டும். மைக்கின் வாய் ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது.

ப்ளூடூத் அலைகளை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும். ஆள் இல்லாத அறையில் பத்து மீட்டர் எட்டும் இணைப்பு, கூட்டத்துக்கு நடுவில் ஐந்து மீட்டரில் அறுந்து அறுந்து வரும். பாட்டு ஓடும் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்து ஆடாமல் ஸ்பீக்கர் பக்கத்திலேயே வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் இயக்குங்கள். அழைப்பு வந்து பாட்டு நிற்காது. அப்படிச் செய்யும்போது பாட்டுகள் முன்பே இறக்கி வைத்தவையாக இருக்க வேண்டும். கைப்பேசியை ஸ்பீக்கரோடு நேராக இணைக்கும் ஆக்ஸ் வயர் போட்டு அதே நேரம் கைப்பேசியையும் சார்ஜில் வைத்தால் சில சமயம் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும். சார்ஜரை எடுத்தால் போய்விடும்.

இரண்டு ஸ்பீக்கரை இணைக்கும் வசதி பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் குறிப்பிட்ட மாடல்களுக்குள் மட்டுமே நடக்கும். பின்னால் இன்னொன்று சேர்க்கும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன்பே எது எதோடு சேரும் என்று உறுதி செய்யுங்கள்.

நீர்க்காப்பில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். பெரிய பார்ட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் முதல் வகைதான். சில மாடல்களில் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் இந்தக் காப்பு எதுவும் செல்லாது.

வைக்கும் இடம்

தரையில், சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பேஸ் போதாத சின்ன ஸ்பீக்கருக்கு இது இலவச மருந்து. பெரிய ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் குரல் அமுங்கிப்போகும், அரை மீட்டராவது முன்னே இழுங்கள். குரலும் சலங்கை போன்ற நுண் ஒலிகளும் நேர்கோட்டில் போகிறவை. முன்வரிசையின் உடம்பே அவற்றை விழுங்கிவிடும். இந்த நுண் ஒலிகளைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் தலைகளுக்கு மேலே, 1.7 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். அடியில் 35 மில்லிமீட்டர் கம்பம் நுழையும் குழி உள்ள மாடல் என்றால் ஸ்டாண்டில் ஏற்றிவிடலாம். ஆடத் துடிக்கும் கால்கள் தட்டாதபடி ஸ்டாண்டின் அடியில் எடை வையுங்கள்.

பேஸை 6 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் போகிறது. சத்தம் போதவில்லை என்று தோன்றும்போது பேஸைச் சற்றுக் குறைத்தால் மொத்த வால்யூமை ஏற்ற இடம் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்குச் சுவர் தாண்டிப் போவதும் அந்த பேஸ்தான்.

காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 டெசிபலில் கால் மணி நேரம், 94இல் ஒரு மணி நேரம், 91இல் இரண்டு மணி நேரம் என்பது ஒரு நாளுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் கேளிக்கை இடங்களுக்கு வைத்த வரம்பு, கால் மணி நேரச் சராசரியில் 100 டெசிபல். ஸ்பீக்கரை ஒட்டிய ஒரு மீட்டரில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்காதபடி ஒரு மேசையையாவது குறுக்கே போடுங்கள்.

பார்ட்டி முடிந்ததும் ஸ்பீக்கரைச் சார்ஜ் இறங்கிய நிலையில் பரணில் ஏற்றாதீர்கள். லித்தியம் என்றால் பாதியளவு சார்ஜ் ஏற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஈய-அமிலம் என்றால் முழுதாக ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜில் போட வேண்டும்.