குலசேகரத்துக் கடையின் 486-இல் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் கார்டு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை ஒன்றில் இன்னும் ஒரு 486, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், ஓடுகிறது. ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொண்டுவருகிறவர்களின் பற்று வரவு முழுக்க அதில்தான். விண்டோஸுக்கு முந்தைய டாஸில், ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு புரோகிராம். எழுதிக் கொடுத்தவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். புதுசு வாங்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ஓடுகத எதுக்கு மக்கா மாத்தணும்?" என்றார் கடை அண்ணாச்சி. போன மழைக்கு ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்த பிறகுதான் ஆள் விட்டார்.

தட்டுகிற டிஸ்க்கைச் சும்மா சும்மா ஆன் செய்யாதீர்கள். முதல் தடவை உயிர் வந்ததுமே கணக்கு ஃபைல்களை ஃப்ளாப்பியில் எடுத்துவிடுங்கள். எனக்கு இரண்டே ஃப்ளாப்பியில் முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சிஎஃப் கார்டு என்பது பழைய கேமராக்களில் போடும் காம்பேக்ட் ஃப்ளாஷ்தான். ஐடிஇ டிஸ்க், அதாவது அந்தக் கால ஹார்டு டிஸ்க், பேசும் அதே பாஷையை இதுவும் பேசும். அதனால் நடுவில் போடும் அடாப்டர் பெரும்பாலும் பின்னை மாற்றிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை, விலையும் குறைவு.

கார்டு வாங்கும்போது ஆசைப்பட்டுப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். ஆன் செய்ததும் முதலில் ஓடி டிஸ்க்கை அடையாளம் காணும் புரோகிராம்தான் பயாஸ். எல்பிஏ (செக்டார்களை ஒரே வரிசையாக எண்ணும் முறை) இல்லாத பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் வரைதான் எண்ணும். செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட்; அதாவது 504 எம்பி. 512 எம்பி என்று விற்கும் கார்டில் பெரும்பாலும் 51 கோடி பைட் சொச்சம்தான் இருக்கும், அளவெடுத்துத் தைத்ததுபோல உள்ளே உட்காரும். எல்பிஏ உள்ள பெண்டியம் என்றால் பெரிய கார்டும் போடலாம், ஆனால் டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரிக்கும் ஒரு பகுதி) 2 ஜிபியைத் தாண்டாது.

மாட்டும்போது ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம். அடாப்டரின் ஜம்பர் (பின்களில் செருகும் குட்டித் தொப்பி) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற இடத்தில். கரண்டுக்குச் சில அடாப்டரில் ஃப்ளாப்பி டிரைவின் சின்ன பிளக் வரும். அதில்தான் கவனம். அதன் ஒரு ஓரத்தில் 5 வோல்ட், மறு ஓரத்தில் 12. தக்கலையில் ஒரு தடவை இருட்டு மேசைக்கடியில் தலைகீழாகச் செருகிவிட்டேன். கார்டு போனது, கூடவே ஒரு மணம். அன்றிலிருந்து வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டுதான் செருகுகிறேன்.

மூடி திறந்திருக்கும்போதே போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பீப்பாய் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிவிடுங்கள். அந்த இடத்தில் காசு பேட்டரி வைப்பதென்றால் ஒரு டயோடு வேண்டும். இல்லாவிட்டால் போர்டு அந்தக் காசு பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும்.

இனி ஃப்ளாப்பியில் பூட் செய்யுங்கள். டிஸ்க்கில் இருக்கும் அதே டாஸ் வெர்ஷனாக இருக்கட்டும். எஃப்டிஸ்க் (பார்ட்டிஷன் போட), ஃபார்மட், எக்ஸ்காப்பி, அட்ரிப் (மறைந்த ஃபைலை வெளியே காட்ட) நான்கு டாஸ் கட்டளையும் அதில் இருக்க வேண்டும். பயாஸில் 'ஆட்டோ டிடெக்ட்' கொடுத்து, வருகிற சிலிண்டர், ஹெட், செக்டார் மூன்று எண்ணையும் தாளில் எழுதி கேபினட் உள்ளே ஒட்டிவிடுங்கள். எஃப்டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் போட்டு ஆக்டிவ் ஆக்குங்கள். பிறகு சி-யை /எஸ் போட்டு ஃபார்மட்; டாஸின் சிஸ்டம் ஃபைல்களும் கூடவே ஏறிவிடும்.

இவ்வளவும் செய்து, ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு ஆன் செய்தால் கருப்புத் திரையில் கோடு மட்டும் மினுக்கும். முக்கால்வாசிப் பேர் கார்டு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இங்கேதான். கேமராவில் இருந்த கார்டின் முதல் செக்டாரில் பூட் செய்யும் குட்டிப் புரோகிராம் இருக்காது. அடையாளம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து எஃப்டிஸ்க்கும் ஏமாந்து விட்டுவிடும். எஃப்டிஸ்க் என்று அடித்து இடம் விட்டு /எம்பிஆர் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் ஒரு நொடியில் திரும்பி வரும். அவ்வளவுதான், அடுத்த பூட்டில் சி வந்துவிடும்.

பழைய டிஸ்க்கின் ஜம்பரை ஸ்லேவுக்கு மாற்றி அதே கேபிளில் மாட்டினால் அது டி ஆக வரும். எக்ஸ்காப்பியில் /எஸ் /இ போட்டு உள்ஃபோல்டர்கள் உட்பட எல்லாவற்றையும் சி-க்கு இழுங்கள். டாஸ் 6.22-இன் எக்ஸ்காப்பி மறைந்த ஃபைல்களைத் தொடாது. அண்ணாச்சியின் கணக்கு 'லைசென்ஸ் இல்லை' என்று மல்லுக்கட்டியதற்குக் காரணம் அப்படி ஒளிந்திருந்த ஒரு ஃபைல். அட்ரிப்பால் வெளியே எடுத்துக் காப்பி செய்தேன். சில கார்டு இன்னொரு டிஸ்க்கோடு ஒரே கேபிளில் ஒத்துப்போகாது. அப்படியானால் வேறு கம்பெனி கார்டு பாருங்கள்.

முடித்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, மூடி போட்டு ஆன் செய்தேன். அண்ணாச்சி குனிந்து கேபினட்டில் காதை வைத்தார்.

"சத்தமே இல்லியே டே, ஓடுதா இது?"

திரையைக் காட்டினேன். அன்றைய ஷீட் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றது.