பழைய எச்பி-35 கால்குலேட்டர் கையில கிடைச்சா உடனே சார்ஜர சொருகாதீங்க

1972ல 395 டாலருக்கு வந்த எச்பி-35, சைன், லாக் எல்லாம் போடுற முதல் பாக்கெட் கால்குலேட்டர், இப்பவும் அந்த சிவப்பு எல்இடி எழுத்து எரியுறத பாத்தா மனசு நிறைஞ்சிடும். ஆனா பேட்டரி இல்லாம, இல்ல செத்துப்போன பேட்டரிய வச்சு சார்ஜர்ல போட்டு ஆன் பண்ணி பாக்கவே பாக்காதீங்க, ஏன்னா உள்ள இருக்க சிப்பு போச்சுன்னா மாத்த புதுசு கிடைக்காது.

முதல்ல பேட்டரி மூடிய கழட்டி பாருங்க. பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா பழைய செல் லீக் ஆயிருக்குன்னு அர்த்தம், அது காரம், அதனால பஞ்சுக்குச்சில கொஞ்சூண்டு வினிகர் தொட்டு மெதுவா துடைங்க, அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு தடவ துடைச்சு நல்லா காயவிடுங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போயிடும். அப்புறம் புது ரீசார்ஜபிள் செல் மூணு போட்டு, சார்ஜர் இல்லாமலே ஆன் பண்ணுங்க.

எரிஞ்சா இதையும் செஞ்சு பாருங்க, 2.02 அடிச்சு எல்என் அமுக்கி உடனே இ பவர் எக்ஸ் அமுக்குங்க. திரும்ப 2.02 வரணும், வெறும் 2 வந்தா உங்களோடது கணக்க இப்படி தப்பா போடுற பிழையோட வந்த ஆரம்பகால பீஸ், பத்திரமா வச்சுக்கோங்க.