காட்டுக்கு எந்தக் கத்தி?

கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் முதலில் மயங்குவது பளபளக்கும் மடக்குக் கத்தியில்தான். பழம் நறுக்க அது போதும்; விறகைப் பிளந்தால் கீல் ஆடிவிடும். விறகுக்கு, கொல்லுப் பட்டறையில் லாரிச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வில் பட்டையை அடித்துச் செய்த அரிவாள்தான் சரி.

வாங்கப் போகும்போது பழைய அரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு, முதலில் அரிவாளின் முதுகில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில். முதுகில் நறநறவென்று பிடிக்கிற அரம் வாயில் வழுக்கினால் பதம் ஏறியிருக்கிறது, அதாவது வாய் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி பிடித்தால் வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பிடியை உதறிப் பாருங்கள். பிடியை இறுக்கும் வளையமான பூண் தளர்ந்து 'டக் டக்' என்றால் அதுவும் வேண்டாம். துரு பிடிக்கும்தான், துடைத்து இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.