கொதிகலனில் தாவர எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் கெட்டியான எரிபொருளான ஃபர்னஸ் ஆயிலை விட்டுத் தாவர எண்ணெய்க்கோ, சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சும் ஆசிட் ஆயிலுக்கோ மாறும் தொழிற்சாலைகள் பல, பழைய டேங்க், ஹீட்டர், பர்னர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றிவிடுகின்றன. தாவர எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் கிடைக்கும் ஆதாயம் உண்மைதான்; ஆனால் ஃபர்னஸ் ஆயிலும் அதுவும் ஒரே விதமாக எரிபவை அல்ல.

பிழை கொள்முதலிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயிலில் ஏறத்தாழ 10,200 கிலோகலோரி வெப்பம் இருக்க, தாவர எண்ணெயில் சுமார் 9,400 தான் உண்டு. அடர்த்தியும் குறைவு என்பதால் லிட்டர் கணக்கில் இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. லிட்டருக்கு 5 சதவீதம் மலிவு என்று வாங்கியவர் உண்மையில் கூடுதலாகவே செலவழிக்கிறார்.

அதிகத் தொல்லை தருவது எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டர். ஃபர்னஸ் ஆயில் பர்னரின் நுனியிலுள்ள நாசிலில் பூந்தூறலாகச் சிதற 100 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டியிருக்கும். பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு 70 முதல் 80 டிகிரியே போதும். பழைய அளவை மாற்றாமல் விட்டால், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி வடிகட்டியையும் நாசிலையும் அடைக்கிறது. எண்ணெய் கெட்டியாக இருப்பதாக நினைத்து ஆபரேட்டர் சூட்டை மேலும் கூட்டும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயில் இது உச்சம்: அதிலுள்ள அனகார்டிக் அமிலம் சூட்டில் கரியமில வாயுவை வெளியிட்டு நுரைக்கும், பிறகு இறுகும். பிரேக் லைனிங் தயாரிப்பில் இதே எண்ணெயிலிருந்து பிசின் எடுக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும். பாமாயில் சுத்திகரிப்பில் பிரியும் கொழுப்பமிலமோ இதற்கு நேர்மாறு. அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும் என்பதால், குழாய் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும்.

ஆசிட் ஆயிலைச் சுத்திகரிப்புக் கழிவிலிருந்து கந்தக அமிலம் சேர்த்தே பிரிக்கிறார்கள். சரியாகக் கழுவாத சரக்கில் அந்த அமிலம் டேங்கின் அடியில் தேங்கும் நீரில் தங்கி இரும்பை அரிக்கும். எனவே கொழுப்பமில அளவோடு அடிநீரின் அமிலத்தன்மையையும் சோதிக்க வேண்டும். செம்பு, பித்தளை உறுப்புகள் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்துவதால் அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

காற்றின் அளவை மறப்பவர்களும் உண்டு. தாவர எண்ணெயின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜனே என்பதால், அதற்குத் தேவைப்படும் காற்று குறைவு; காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடான டேம்பரைத் திருத்தாவிட்டால் மிகைக் காற்று வெப்பத்தைப் புகைபோக்கி வழியே கொண்டுபோய்விடும். குளிர்ந்த உலையை நேரடியாகத் தாவர எண்ணெயில் பற்றவைத்தால், அரைகுறையாக எரிந்து கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் புகை எழும். ஆகவே டீசலில் தொடங்கி, நிறுத்துமுன்பும் டீசலால் குழாயைக் கழுவிவிட வேண்டும்.

தீப்பற்று வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் என்பதால் எண்ணெய்க் கசிவைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சூடான குழாயின் வெப்பக்காப்புப் பஞ்சில் ஊறிய தாவர எண்ணெய், மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, தன் சூட்டாலேயே பற்றிக்கொள்ளக்கூடும். நனைந்த பஞ்சை அன்றே அகற்றிவிட வேண்டும்.