கேஸ்வாப்டி மேல் பழி போடாதீர்கள்: லினக்ஸ் மெமரி மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் தடுமாறுகிறது. டாப் கட்டளையைத் தட்டினால் பட்டியலின் உச்சியில் கேஸ்வாப்டி0, சிபியு 100 சதவீதம். மெமரி குறையும்போது பின்னணியில் இடம் விடுவிப்பதுதான் இதன் வேலை. பலரும் உடனே அதற்கு கில் மைனஸ் 9 (கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) அனுப்புகிறார்கள். ஒன்றும் நடக்காது. அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சொந்த த்ரெட், சிக்னலுக்கெல்லாம் சாகாது. சொல்லப்போனால், கொன்றதும் செத்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கிரிப்டோ மைனிங் செய்யும் மால்வேர்கள் இதே பெயரைச் சூட்டிக்கொண்டு ஒளிந்திருப்பதுண்டு. அசல் கேஸ்வாப்டிக்கு ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் பிடித்திருக்கும் ராம் அளவு) பூஜ்யமாகத்தான் இருக்கும். போலி அப்படி இருக்க முடியாது; அது மெமரியும் பிடித்திருக்கும், பெரும்பாலும் டிஸ்க்கில் அதற்கென ஒரு கோப்பும் இருக்கும்.

அசல்தான் என்றால், அதன் மேல் பழி போடுவது முதல் தவறு. மெமரியைத் தின்றது வேறு யாரோ. கேஸ்வாப்டி இடம் தேடி அலைந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அது எப்போது எழுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். காலி மெமரிக்கு மின், லோ, ஹை என்று மூன்று மட்டங்களைக் கர்னல் வைத்திருக்கிறது. மாடித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்ட வீடு மாதிரி: மட்டம் லோவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓடும், ஹையைத் தொட்டதும் நிற்கும், வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஆனால் மோட்டார் ஏற்றுவதைவிட வேகமாகக் குழாய்களில் தண்ணீர் போனால் மட்டம் மின்னுக்கும் கீழே போய்விடும். அப்புறம் தண்ணீர் கேட்டவரே வாளியைத் தூக்க வேண்டியதுதான். கர்னலில் இதற்குப் பெயர் நேரடி மீட்பு. மெமரி கேட்ட ப்ராசஸ் தன் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கங்களை, அதாவது மெமரியின் சிறு துண்டுகளை, தேடி விடுவிக்கும். சில மில்லி விநாடியில் முடிய வேண்டிய டேட்டாபேஸ் க்வெரி திடீரென்று அரை விநாடி இழுத்தால், சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

ஆகவே கேஸ்வாப்டி ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட, அதனால் ஈடுகொடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ப்ராக் கோப்பகத்தில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பைத் திறந்து பிஜிஸ்கேன்_கேஸ்வாப்டி, பிஜிஸ்கேன்_டைரக்ட் என்ற இரண்டு எண்களையும் பத்து விநாடி இடைவெளியில் இருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் எண் மட்டும் ஏறினால் பின்னணி மீட்பு தன் வேலையைச் செய்கிறது, அதைத் தொடாதீர்கள். இரண்டாவதும் மளமளவென்று ஏறினால்தான் பிரச்சினை. 2018 இறுதியில் வந்த 4.20 கர்னலிலிருந்து பிஎஸ்ஐ என்ற அளவீடும் இருக்கிறது. ப்ரெஷர் கோப்பகத்தில் உள்ள மெமரி கோப்பில் ஃபுல் வரிசையில் ஏவிஜி10 மதிப்பு 12 என்றிருந்தால், கடந்த பத்து விநாடியில் 12 சதவீத நேரம் செய்ய வேலை இருந்த ப்ராசஸ்கள் எல்லாமே மெமரிக்காகக் காத்துக் கிடந்தன என்று பொருள். சர்வரின் நிலைமையைச் சொல்ல இதைவிட நேர்மையான எண்ணை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, ஃப்ரீ கட்டளையின் காலி மெமரி எண்ணைப் பார்த்துப் பதறுவது. 16 ஜிபி மெஷினில் 300 எம்பிதான் காலி என்று காட்டும். காலியாகக் கிடக்கும் மெமரியால் யாருக்கும் பயனில்லை என்பதால் கர்னல் அதைக் கோப்புகளின் கேஷுக்குக் கொடுத்துவிடுகிறது, கேட்டால் திருப்பி வாங்கிக்கொள்ளும். பார்க்க வேண்டியது அவைலபிள் என்ற எண். இதைப் புரிந்துகொள்ளாமல் மணிக்கொரு முறை ட்ராப்_கேஷஸில் 3 எழுதும் க்ரான் வேலையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எண் அழகாகிவிடும். ஆனால் சூடாக இருந்த கேஷ் முழுவதும் போய், அடுத்த சில நிமிடங்களுக்கு எல்லா வாசிப்பும் டிஸ்க்கில் போய் முட்டும். பெஞ்ச்மார்க்குக்கு முன் கேஷைத் துடைப்பதற்கு அது சரி. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதற்கு வேலையே இல்லை.

இருப்பதிலேயே பிடிவாதமான தவறு ஸ்வாப்பை (ராமிலிருந்து வெளியேற்றும் பக்கங்களை வைக்கும் இடம்) அடியோடு அணைப்பது. ‘ஸ்வாப் என்றாலே மந்தம், அதை எடுத்துவிட்டால் மெஷின் ஒன்று வேகமாக ஓடும், இல்லையென்றால் ஓஓஎம் கில்லர் வந்து கதையை முடிக்கும்’ என்பது கணக்கு. (மெமரி தீர்ந்தால் ஏதாவதொரு ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதிதான் ஓஓஎம் கில்லர்.) நடப்பது வேறு. கர்னல் விடுவிக்கக்கூடிய பக்கங்கள் இரண்டு வகை: டிஸ்க்கில் உள்ள கோப்புகளிலிருந்து வந்தவை, ப்ரோக்ராம் தானாகக் கேட்டு வாங்கிய ஹீப், ஸ்டாக் போன்றவை. ஸ்வாப் இல்லையென்றால் இரண்டாவது வகையை வெளியே வைக்க இடமே கிடையாது. வாரக்கணக்கில் யாரும் தொடாத ஹீப் பக்கம் கூட உள்ளேயே குந்தியிருக்கும். அழுத்தம் முழுவதும் முதல் வகை மேல் விழும். அந்த முதல் வகையில் உங்கள் ப்ரோக்ராமின் கோட் பக்கங்களும் உண்டு, எல்லாரும் பகிரும் லிப்சி நூலகம் உட்பட. வெளியே போன கோட் பக்கத்தை அடுத்த நொடியே சிபியு கேட்கும். டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். படித்ததும் வேறொரு கோட் பக்கம் வெளியே போகும். துளி ஸ்வாப் இல்லாத மெஷினில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதும் எஸ்எஸ்ஹெச் உள்ளே விட மறுப்பதும் இதனால்தான். ஏதோ ஒரு பக்கம் மீட்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் ஓஓஎம் கில்லரும் சீக்கிரம் வராது. விஎம்ஸ்டாட்டில் வொர்க்கிங்செட்_ரீஃபால்ட்_ஃபைல் எண் விறுவிறுவென்று ஏறுவது இதன் அடையாளம்.

அதனால் கொஞ்சமாவது ஸ்வாப் இருக்கட்டும். டிஸ்க்கில் வேண்டாமென்றால் இசட்ராம், அதாவது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். இதோடு ஒட்டிய குழப்பம் ஸ்வாப்பினஸ் என்ற கர்னல் அமைப்பு. 60 என்றால் 60 சதவீத மெமரி நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இரண்டு வகைப் பக்கங்களையும் மீட்பதற்கான செலவை ஒப்பிடும் எடை மட்டுமே. 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம்; இசட்ராம் போல ஸ்வாப் டிஸ்க்கைவிட வேகமாக இருக்கும் இடத்தில் 100க்கு மேல் வைப்பதில் அர்த்தம் உண்டு. ஸ்வாப்பில் 2 ஜிபி போயிருக்கிறது என்பதும் தனியாக ஒரு கெட்ட செய்தி அல்ல. விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) பத்திகள் பூஜ்யமாக இருந்தால் போனது போனபடி தூங்குகிறது.

சரி, நேரடி மீட்பு நிஜமாகவே ஏறுகிறது, என்ன செய்வது? இங்கே எல்லாரும் மின் மட்டத்தைத் தீர்மானிக்கும் மின்_ஃப்ரீ_கேபைட்ஸை ஏற்றிவிடுகிறார்கள். அது அவசரத்துக்கான இருப்பு. சாதாரண ப்ராசஸ்கள் தொட முடியாத மெமரி. தாராளமாக ஏற்றினால் ஜிபி கணக்கில் வீணாகும், எல்லை மீறினால் மெஷின் ஓஓஎம்மிலேயே விழும். பெரும்பாலும் தேவைப்படுவது மட்டங்களுக்கு நடுவே இடைவெளி, அதாவது வாட்டர்மார்க்_ஸ்கேல்_ஃபாக்டர். இதன் இயல்பு மதிப்பு 10, அதாவது மெமரியில் 0.1 சதவீதம். 16 ஜிபி மெஷினில் இது ஏறத்தாழ 16 எம்பி. 10 ஜிகாபிட் நெட்வொர்க்கிலிருந்து முழு வேகத்தில் தரவு வந்தால் 16 எம்பி காலியாக 13 மில்லி விநாடி போதும். கேஸ்வாப்டி எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் மட்டம் மின்னைத் தொட்டிருக்கும். 100 என்று வைத்தால் 160 எம்பி இடைவெளி கிடைக்கும், முன்கூட்டியே எழுந்து நிதானமாக வேலை செய்யும். ஒரே நேரத்தில் நாலு எண்களை மாற்றாமல், இதை மட்டும் மாற்றி பிஜிஸ்கேன்_டைரக்ட் குறைகிறதா என்று பாருங்கள். கர்னல் 6.1க்கு முந்தையது என்றால் அப்டேட்டையும் யோசிக்கலாம். அந்தப் பதிப்பில்தான் எம்ஜிஎல்ஆர்யு என்ற புதிய மீட்பு முறை சேர்ந்தது. எந்தப் பக்கம் பழையது, எது புதியது என்று தலைமுறைகளாகப் பிரித்து வைப்பதால் தேடும் செலவே குறைகிறது. சில டிஸ்ட்ரோக்களில் அதை நாம்தான் இயக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, கன்டெய்னர்கள். மெஷினில் 20 ஜிபி காலி, கேஸ்வாப்டி தூங்குகிறது, ஆனாலும் ஒரு கன்டெய்னர் மட்டும் நொண்டுகிறது. இங்கே மெஷின் முழுமைக்குமான எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் புலப்படாது. சிக்ரூப் (கன்டெய்னருக்கு மெமரி வரம்பு போடும் கர்னல் வசதி) எல்லையை முட்டும்போது கேஸ்வாப்டி உதவிக்கு வருவதில்லை. மீட்பு வேலை கன்டெய்னருக்குள் இருக்கும் ப்ராசஸின் தலையிலேயே விழுகிறது. அது படிக்கும் கோப்புகளின் கேஷும் அதே எல்லைக் கணக்கில் சேரும் என்பதால், 2 ஜிபி எல்லைக்குள் பெரிய லாக் கோப்புகளைப் படிக்கும் வேலை நாள் முழுக்க இந்தச் சுமையோடுதான் ஓடும். அந்த சிக்ரூப்பின் மெமரி.ஈவன்ட்ஸ் கோப்பைத் திறந்தால் மேக்ஸ் எண் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும், ஓஓஎம்_கில் மட்டும் பூஜ்யமாக நிற்கும். எதுவும் சாகாததால் எந்த அலாரமும் அடித்திருக்காது.