வேலி போட்டும் தோண்டுகிறதா? வலையைப் படுக்கப் போடுங்கள்

தோட்டத்துக்குள் ஏதோ வருகிறது என்றதும் பலரும் முதலில் செய்வது வேலியின் உயரத்தைக் கூட்டுவது. தாண்டி வரும் விலங்குக்கு அது சரி. தோண்டி வரும் விலங்குக்கு வேலி எத்தனை அடி என்பது ஒரு பொருட்டே இல்லை. அதனால் இந்தப் பதிவு முழுக்க வேலியின் அடிப்பகுதியைப் பற்றியதுதான். வேலி ஏற்கெனவே இருக்கிறது, கம்பங்கள் ஆடாமல் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: வருவது யார்?

குழியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கிழங்கு மட்டும் காணாமல் போய், பக்கத்தில் கறுப்பு வெள்ளை முள் கிடந்தால் முள்ளம்பன்றி. உருண்டையான வளையும் வாயில் புது மண் குவியலும் இருந்தால் பெரும்பாலும் பெருச்சாளி. ஏர் ஓட்டியதுபோல் நிலமே புரண்டு கிடந்தால் காட்டுப்பன்றி. செடிகள் பத்திரமாக இருக்க, பாத்தியில் அங்கங்கே சின்னக் கூம்புக் குழிகள் மட்டும் இருந்தால், வந்தது காய்கறிக்காக அல்ல. மண்ணில் இருக்கும் புழுக்களுக்காக. கீரி இப்படிச் செய்யும்.

சந்தேகம் இருந்தால் சலித்த சாம்பலையோ நைஸ் மணலையோ வேலியோரம் தூவிவிட்டு, காலையில் கால்தடத்தைப் பாருங்கள். மாவு தூவச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அதைத் தின்னவே எலி வரும். இரவுக் கேமராவும் இதற்கு அவசியமில்லை என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு நல்ல வலை வாங்கலாம்.

இரண்டாம் படி: மண் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?

வேலிக்கடியில் இருக்கும் குழியின் மண் வெளிப்பக்கம் குவிந்திருந்தால் விலங்கு வெளியிலிருந்து தோண்டியிருக்கிறது. உள்பக்கம் குவிந்திருந்தால் அது உள்ளே இருந்துகொண்டு வெளியே போக வழி செய்திருக்கிறது. இரண்டாவது வகை என்றால் வலை போடுவதை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் விலங்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு வளையின் வாயையும் காய்ந்த சருகாலோ கசக்கிய செய்தித்தாளாலோ தளர்வாக அடையுங்கள். இரண்டு மூன்று நாள் கலையாமல் இருந்தால் வளை காலி, மண் போட்டு மிதித்து மூடலாம். கலைந்திருந்தால் யாரோ குடியிருக்கிறார்கள். குட்டிகள் இருக்கலாம் என்பதால் அதை அப்படியே மூடக் கூடாது. குடும்பம் கிளம்பும்வரை பொறுங்கள்.

மூன்றாம் படி: வலை

கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலையை வாங்காதீர்கள். மெல்லிய கம்பி, மண்ணில் சீக்கிரம் துருப்பிடிக்கும், பெருச்சாளி கடித்தே வழி செய்துகொள்ளும். துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக்கண் வலை, வாங்குங்கள். முயலுக்கு ஓர் அங்குலக் கண் போதும், எலி பெருச்சாளிக்கு அரை அங்குலம், சுண்டெலியும் வருமென்றால் கால் அங்குலம். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதா என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது, அது நீண்ட நாள் நிற்கும். வெட்டுவதற்கு கட்டிங் பிளையரோடு போராடாதீர்கள். தகடு வெட்டும் கத்தரி இருந்தால் வேலை பாதியாகும். கையுறை கட்டாயம்.

நான்காம் படி: வளைத்துப் படுக்கவைத்தல்

மூன்றடி அகல வலையை எடுத்து, ஒரு பலகை விளிம்பில் வைத்து நீளவாக்கில் மடியுங்கள். ஓரடி வேலியோடு ஒட்டி நிற்கட்டும், இரண்டடி வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கட்டும். உள்பக்கமாக அல்ல, வெளிப்பக்கமாக. விலங்கு வேலியில் மூக்கு முட்டும் இடத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே நகம் கம்பியில் பட்டால் வேலியோரமாகவே நகர்ந்து அடுத்த இடத்தை முயலும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டிப் பார்ப்பது அரிது.

நேராகக் குழி வெட்டி வலையைச் செங்குத்தாகப் புதைக்கும் முறையும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. முதுகு உடையும் வேலை, அதற்கும் கீழே தோண்டும் விலங்குக்குப் பயனுமில்லை. படுக்கும் வலைக்கு இரண்டு அங்குல மண்ணைச் செதுக்கி எடுத்தால் போதும். வலையை விரித்து, யூ வடிவில் வளைத்த கம்பிகளை ஓரடிக்கு ஒன்றாக அடித்து, மண்ணை மேலே தள்ளிவிடுங்கள். புல் முளைத்ததும் வேரே வலையைப் பிடித்துக்கொள்ளும். நிற்கும் பாகத்தை அரையடிக்கு ஒரு கட்டுக்கம்பி வைத்து வேலியோடு முறுக்குங்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

மூலைதான் சிக்கல்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம். நேர்க்கோட்டில் எல்லாம் சுலபமாகப் போகும். மூலையில் வலையைத் திருப்ப, படுத்திருக்கும் பாகத்தை வெட்டியாக வேண்டும். வெட்டித் திருப்பியதும் மூலைக்கு வெளியே ஈரடிக்கு ஈரடி வெற்றுத் தரை தெரியும். வலை இல்லாத சதுரம் அது. வேலியோரமாகவே மோப்பம் பிடித்து வரும் விலங்கு நேராக அங்கேதான் வந்து நிற்கும்.

இரண்டரை அடிச் சதுரமாகத் தனித் துண்டு வெட்டி, இரண்டு பக்க வலைமீதும் அரையடி ஏறும்படி வைத்து, விளிம்பு முழுக்கக் கட்டுக்கம்பியால் தையுங்கள். நான்கு முடிச்சு போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். விளிம்பு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினால் மூக்கும் நுழையும்.

கதவு

கதவோடு வலையைக் கட்ட முடியாது. கதவுக்குக் கீழே, வெளிப்பக்கம் ஈரடிவரை வலையை விரித்து, மேலே கல் பலகை பதியுங்கள். கதவுக்கும் பலகைக்கும் இடைவெளி வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருந்தால் கதவின் அடியில் தகட்டுப் பட்டை அடியுங்கள். ரப்பர் பட்டை வேண்டாம், எலி கடித்துவிடும்.

அப்புறம், அழைப்பு விடுக்காமல் இருப்பதும் முக்கியம். எலும்புத்தூள், மீன் உரம், புதைத்த சமையல் கழிவு எல்லாம் வாசனையாலேயே கூப்பிடும். மாலையில் தண்ணீர் விட்டால் இரவில் மண்புழு மேலே வரும், அதைத் தேடி மற்றதும் வரும். காலையில் விடுங்கள். நாப்தலீன் உருண்டையை மண்ணில் போடாதீர்கள், அது நஞ்சு. வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மனிதர்களையும் கொல்லும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. காட்டுப்பன்றிக்கு இது போதுமா? போதாது. வலையின் விளிம்பை மூக்கால் நெம்பிவிடும். உறுதியான கம்பங்களும் தடித்த கம்பியும் கொண்ட வேலியே வேண்டும். தூரத்திலிருந்தே சுரங்கம் போட்டு வரும் பெருச்சாளி? வலைக்கும் கீழாக வர முடியும். அதற்குக் கிழங்குப் பாத்திகளின் அடியிலேயே, ஓரடி ஆழத்தில், அரை அங்குல வலையைத் தட்டுபோல் விரித்து ஓரங்களை மேலே மடித்துவிடுங்கள். எல்லாப் பாத்திக்கும் வேண்டாம், கீரைக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்வது வீண் செலவு.