மணிக்கூட்டுக் கண்ணாடி மாற்றுவது: ஒன்றை உடைத்து, இன்னொன்றைப் பொருத்திய கதை

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸால் இறங்குகிற அவசரத்தில் கை கம்பியில் அடிபட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மாமா சுவிஸிலிருந்து கொண்டுவந்து தந்த லொஞ்சின்ஸ் மணிக்கூட்டின் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது. ஒரு கடையில் கேட்டேன், ஆறு கிழமை செல்லும் என்றார்கள். சரி, நானே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

உத்தரவாதக் காலம் முடியாத மணிக்கூடு என்றால் முகவரிடமே கொண்டுபோங்கள். ரோலெக்ஸ்காரர்களும் ஒருக்கால் யோசியுங்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து அந்தக் கண்ணாடிகளில் 6 மணிக்கு நேரே ஒரு குட்டிக் கிரீடத்தை லேசரால் பொறித்து விடுகிறார்கள். வேறு யாரோ செய்த கண்ணாடி போட்டால் அது இருக்காது, விற்கிற நேரம் விலையும் இறங்கும்.

முதலில் மணிக்கூட்டை நிறுத்துங்கள். குமிழை வெளியே இழுத்தால் பெரும்பாலானவற்றில் செக்கன் முள் நின்றுவிடும். ஓடவிட்டால் முள் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடித் துண்டை இழுத்துக்கொண்டு டயலைக் கீறும். ஒட்டோமெட்டிக் (கை அசைவில் தானே முறுக்கேறும் வகை) என்றால் கையில் வைத்து ஆட்டவும் கூடாது. கண்ணாடி வெடித்து, ஆனால் விழாமல் இருந்தால் மேலே செல்லோரேப் ஒட்டலாம். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டவே வேண்டாம், ரேப் முள்ளில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, என்ன கண்ணாடி என்று பாருங்கள். பழைய மணிக்கூடுகளில் இருப்பது அக்ரிலிக். அது பிளாஸ்ரிக், கீறல் விழும், ஆனால் தூளாகாது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை நாசா 1965இல் தேர்ந்தெடுத்தபோது அதில் இருந்தது அந்த வகைதான். இரண்டாவது மினரல், சாதாரணக் கண்ணாடியைக் கடினமாக்கியது. மூன்றாவது சஃபயர். கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் 9, வைரத்துக்கு அடுத்த நிலை. அதனால் இலேசில் கீறாது, ஆனால் ஓரத்தில் அடிபட்டால் ஊசி ஊசியாகச் சிதறும்.

மாமி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இது இரத்தினபுரி நீலக்கல்லோ?" என்றா. சிரித்தேன், ஆனால் அவ கேட்டது சரி. இரண்டும் ஒரே கனிமம், இது ஆலையில் வளர்த்தது, அவ்வளவுதான். கொரண்டம் என்று உலகம் சொல்கிற பெயரே எங்களுடைய குருந்தம்தான். மெசினுக்குள் இருக்கிற சிவப்புக் கற்களும் அதே குருந்தம். ஆகவே அந்தத் தூள் உள்ளே போனால் உருக்கையும் தேய்க்கும், கல்லையும் தேய்க்கும். சக்கரங்களுக்குள் ஒரு மினுக்கம் கண்டால்கூட மேலே போகாமல், மணிக்கூடு திருத்துபவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள்.

பின்மூடியைத் திறந்து, குமிழின் தண்டைக் கழற்றி, மெசினை டயலோடு வெளியே எடுங்கள். தண்டை விடுவிக்கிற பொத்தானை மெல்லத் தொட்டால் போதும். எடுத்தவுடன் தண்டைத் திரும்ப மெசினில் செருகிவிடுங்கள், பிடிக்க ஒரு கைப்பிடி கிடைக்கும். டயலில் கிடக்கிற தூளை ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மிச்சத்தை ரொடிகோ என்கிற பச்சைக் களியால் ஒற்றி எடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். சாமணத்தால் பொறுக்க நான் விரும்பமாட்டேன், கை நடுங்கினால் முள் வளையும்.

மணிக்கூட்டின் வெளிக் கூட்டில் மிஞ்சிய கண்ணாடியை உள்ளிருந்து தள்ளி (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு), பழைய கஸ்கட்டை (கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி இருக்கிற வளையம்) எடுத்து, கூட்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

பிறகு அளவு. ஸ்கேல் உதவாது, டிஜிட்டல் வேர்னியர் இடுக்கி வேண்டும். என்னுடையதில் கண்ணாடி இருக்கும் இடத்தின் உள்விட்டம் 31.4 மி.மீ., கஸ்கட்டின் தடிப்பு 0.5. இரண்டு பக்கமும் கழித்தால் 30.4. நான் வாங்கியது 30.5. அந்த 0.1 நெருக்கம்தான் கண்ணாடியைப் பிடித்து வைப்பது. தடிப்பையும் அளந்துகொள்ளுங்கள். மினரல் என்றால் புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்துபவர்களிடம் டப்பா டப்பாவாக இருக்கும். சஃபயரை நான் ஒன்லைனில் எடுத்தேன். இரண்டாக வாங்குங்கள். ஏன் என்பது இப்போது தெரியும்.

நான் மாட்டுப்பட்ட இடம் இதுதான், அமர்த்துவது. முதல் தரம் நெம்புகோல் வைத்த மலிவான பிரஸ் ஒன்றை வாங்கினேன். கஸ்கட்டை வைத்து, கண்ணாடியை வைத்து, பிடியை இறக்கினேன். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் நின்றது. இன்னும் கொஞ்சம் அமத்தினால் போகும் என்று நினைத்தேன். 'டிக்' என்றது. ஓரத்திலிருந்து கோடு ஓடிவிட்டது. கழற்றிப் பார்த்தால் கஸ்கட் ஒரு பக்கம் மடிந்து, கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே சுருண்டு கிடந்தது. அதோடு நான் போட்ட மேல் அச்சு (பிரஸ்ஸில் கண்ணாடியை அமத்துகிற வட்டத் துண்டு) மிகச் சின்னது, விசை முழுவதும் நடுவில் விழுந்திருக்கிறது.

இரண்டாம் தரம் திருகு பிரஸ் வாங்கினேன். நெம்புகோல் பிரஸ்ஸை இனி யாருக்கும் சொல்லமாட்டேன், எவ்வளவு விசை போகிறது என்று கைக்குத் தெரியாது. மேல் அச்சு கண்ணாடியை விட மட்டுமட்டாகச் சின்னது, கீழ் அச்சு கூட்டின் விளிம்பைத் தாங்குவது. கஸ்கட்டை முதலில் கூட்டில் வைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவி மேடு இல்லை என்று பாருங்கள். கண்ணாடியின் சரிவு வெட்டிய ஓரம் கீழே. கால் சுற்று இறுக்கி, தளர்த்தி, கூட்டைக் கொஞ்சம் திருப்பி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சரிவாக இருந்தால் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள், அமத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். எனக்கு இருபது நிமிடம் சென்றது. சுப்பர் குளூ பக்கமே போகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியின் உள்ளே வெள்ளையாகப் படியும்.

மூடும்போது ஃபேனை நிறுத்துங்கள், தூசி வரும். பின்மூடிக் கஸ்கட்டுக்குச் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம். நீர் அழுத்தச் சோதனை செய்விக்கும் வரை மணிக்கூட்டோடு கைகூடக் கழுவ வேண்டாம்.

பிற்சேர்க்கை: மழை பெய்த ஒரு பின்னேரம் யன்னலைத் திறந்து வைத்தபடி மூடியிருந்தேன். அடுத்த நாள் ஏசி அறைக்குள் போனதும் கண்ணாடிக்கு உள்ளே பனி பிடித்தது. கசிவு என்று பயந்தேன். உண்மையில் உள்ளே அடைபட்டது கொழும்பின் ஈரக்காற்றுதான், கண்ணாடி குளிர்ந்ததும் நீராகிவிட்டது. ஏசி அறையில் திறந்து, சிலிக்கா ஜெல் பக்கற்றோடு ஒரு டப்பாவில் இரவு முழுக்க வைத்து, அங்கேயே மூடினேன். பிறகு வரவில்லை.

இன்னொன்று: திகதிக்கு மேலே உருப்பெருக்கி வில்லை ஒட்டிய கண்ணாடி என்றால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். டயலைத் தற்காலிகமாகக் கூட்டுக்குள் வைத்து, வில்லை சரியாகத் திகதிக்கு மேலே வரும்படி கண்ணாடியைத் திருப்பி, கூட்டின் ஓரத்தில் சிறு ரேப் துண்டால் அடையாளம் வையுங்கள். டயலை எடுத்த பிறகுதான் அமத்த வேண்டும், அதுவும் நடுவில் குழிந்த மேல் அச்சால். தட்டை அச்சு வில்லையில்தான் முதலில் முட்டும்.